தட்டணுவும் அது தங்கும் இடமும்

கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் நிலத்தைக் கோடையிலும் மாரியிலும் கண்டவர்கள், இரண்டும் ஒரே மண்தானா என்று ஐயுறுவர். சித்திரையில் அம்மண் இறுகிச் சுருங்கி, ஆட்டுக்குட்டியின் கால் அகப்பட்டுக்கொள்ளும் அளவுக்குப் பிளந்து கிடக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் அதே மண் உப்பிப் பிளவுகளை மூடிக்கொண்டு, நடப்பவன் செருப்பைப் பிடித்து இழுக்கும். மண் மாறவில்லை, மண்ணைச் சூழ்ந்த ஈரம் மாறிற்று. நம் உடலில் ஓடும் இரத்தத்திலும் இவ்வாறு சூழலுக்கேற்ப உருமாறும் பொருள் ஒன்று உண்டு. மருத்துவர்கள் அதனைப் பிளேட்லெட் என்பர். தமிழில் தட்டணு என்று வழங்குகிறோம். அதனை உலகம் அறிந்துகொண்ட வரலாற்றையே இங்கு சொல்லப் புகுந்தோம்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலிற் கூறிவிடுவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புரட்டாசி மாதம், நம்மிடம் ஓதிக்கொண்டிருந்த சிறுவன் ஒருவனுக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் நாள்தோறும் இரத்தம் எடுத்து எண்ணிச் சீட்டுக் கொடுத்தார்கள். முதல் நாள் 90,000, மறுநாள் 48,000, மூன்றாம் நாள் 22,000. வீட்டார் பையனின் முகத்தைப் பார்த்ததைவிட அந்தச் சீட்டைப் பார்த்ததே அதிகம். தேவைப்பட்டால் ஏற்றலாம், தட்டணு வாங்கி வையுங்கள் என்றார் மருத்துவர். தாய்மாமன் இரண்டு மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள நகரத்துக்கு ஓடினார். திரும்பும்போது பகல் வெக்கை கடுமையாயிருக்கவே, வழியில் பனிக்கட்டி வாங்கிப் பெட்டியை நிரப்பிக்கொண்டு வந்தார். மருத்துவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இது இனிப் பயன்படாது என்று சொல்லிவிட்டார்.

அம்மனிதர் அன்று மாலை நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், பால் கெடாம இருக்க ஐஸ் வைக்கிறோம், மீன் கெடாம இருக்க ஐஸ் வைக்கிறோம். இது மட்டும் எப்படி ஐஸ்ல கெடும்?" என்று கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. அந்த வினாவின் பின்னே சென்றபோது கிடைத்த செய்திகள் இவை.

மதரஸாவில் தூய்மை பற்றிய பாடம் ஓதியோர்க்கு ஒன்று நினைவிருக்கும். ஓடி வெளிப்பட்ட இரத்தம் அசுத்தம் என்பது சட்டம். ஆயின் அதே இரத்தம் நம் நரம்புகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கையில் நாம் தொழுகிறோம், தொழுகை கூடுகிறது. ஒரு பொருள் தன் பிறப்பிடத்தில், அரபியில் மஃதின் என்பார்களே, அவ்விடத்தில் இருக்கும்வரை அதன்மீது அசுத்தத்தின் சட்டம் பாய்வதில்லை என்று ஹனஃபி நூலோர் விளக்குவர். பொருள் ஒன்றே, இருக்கும் இடம் வேறானால் தீர்ப்பும் வேறு. இளமையில் இதனை உருப்போட்டபோது சட்ட நுணுக்கம் என்று மட்டுமே எண்ணினோம். தட்டணுவின் வரலாற்றைப் படிக்கையில் அப்பாடம் மீண்டும் மீண்டும் நினைவுக்கு வந்தது. ஏனெனில் ஐரோப்பிய அறிஞர்கள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இடறியதும், தன் மஃதினை விட்டு வெளிப்பட்ட தட்டணுவைக் கண்டுதான்.

அதற்கு முன் உஹதுக் களத்தை நினைவுகூர வேண்டும். ஹிஜ்ரி 3, கிறித்தவ ஆண்டு 625. அப்போரில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருமுகத்தில் காயம்பட்டது. மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்கள் காயத்தைக் கழுவ, அலீ (ரலி) அவர்கள் தம் கேடயத்தில் நீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். நீர் ஊற்ற ஊற்ற இரத்தம் மிகுந்ததேயன்றி நிற்கவில்லை. அதனைக் கண்ட ஃபாத்திமா (ரலி) அவர்கள் பாயின் ஒரு துண்டை எரித்து, அச்சாம்பலைக் காயத்தில் வைத்து அழுத்தவே இரத்தம் நின்றது. ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) வழியாக இமாம் புகாரி பதிவு செய்துள்ள செய்தி இது. இதில் நாம் கவனிப்பது ஒன்றே. நீர் இரத்தத்தைப் பெருக்குகிறது என்பதைக் கண்ணால் கண்டு, உடனே முறையை மாற்றிய அந்தக் கூர்மை. ஓடும் நீர், படிந்துவரும் அடைப்பைப் படியவிடாமல் அடித்துச் செல்லும். சாம்பலோ ஈரத்தை உறிஞ்சிப் பற்றுவதற்கு இடம் தரும். காயம் அதே காயந்தான். அதனைச் சூழ்ந்ததை மாற்றினார்கள்.

பின்வந்தோரில் குர்துபா நகரத்து அஸ்ஸஹ்ராவியை (மறைவு ஏறத்தாழ 1013) இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. அவரது அத்தஸ்ரீஃப் என்னும் நூலில், பாதி அறுந்த நாடி ஓயாது பெருகும்போது அதனை முழுவதும் அறுத்துவிட்டால் இரு முனைகளும் உள்ளிழுத்துச் சுருங்கி இரத்தம் நிற்கும் என்னும் குறிப்பு உண்டு. சூடுபோடுதல், நூலால் கட்டுதல், மருந்திட்டு இறுகக் கட்டுதல் ஆகியவற்றையும் சொல்கிறார். சிறு காயத்தாலும் ஆண்மக்கள் இரத்தம் வடிந்து இறந்துபோகும் குடும்பங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுதல் கடமை. எந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிப் பேச்செடுத்தாலும், இது நம்மவர் முன்பே அறிந்ததுதான் என்று எழுதும் பழக்கம் நம் பத்திரிகைகளில் உண்டு. அலக் என்னும் குர்ஆன் சொல்லுக்கு ஒட்டிக்கொள்வது, உறைந்த இரத்தம் என்றெல்லாம் பொருளுண்டு. அதைக் கொண்டு தட்டணுவையும் அங்கே காட்டிவிட முயல்வோர் இருக்கக்கூடும். இறைவேதத்துக்கு அத்தகைய துணை தேவையில்லை. தட்டணுவை அஸ்ஸஹ்ராவியும் காணவில்லை, இப்னு ஸீனாவும் காணவில்லை. காண்பதற்குரிய கருவி அக்காலத்தில் இல்லை. ஒளி கண்ணாடியில் வளைவதை ஆராய்ந்து கிதாபுல் மனாளிர் எழுதிய இப்னுல் ஹைதம் அவர்களின் நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு 1572-இல் பாஸல் நகரில் அச்சேறியது. பார்வைக் கலை வளர்ந்த பாதையில் நம் முன்னோர் வைத்த கல் அது. அவ்வளவே நமக்குரிய பங்கு. அது சிறிய பங்கும் அன்று.

உருப்பெருக்கியில் சிவப்பணுவை 1674-இல் கண்டு எழுதியவர் ஹாலந்து நாட்டு லீவன்ஹூக். அவர் ஜவுளி வணிகர். நூலின் தரம் பார்க்கத் துணிக்கடைக்காரர்கள் கண்ணாடி வைத்திருப்பது அக்கால வழக்கம். பருத்தியைக் கையில் உருட்டி இழைநீளம் சொல்லும் நம் கரிசல் வியாபாரிகள் அவரை நன்கு புரிந்துகொள்வர். ஆயினும் தட்டணு அவர் கண்ணுக்குத் தெளியவில்லை. தெளியாததில் வியப்பில்லை, அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். ஒரு தலைமயிரின் பருமனில் இருபத்தைந்து தட்டணுக்களை வரிசையாக வைத்துவிடலாம்.

1842-இல் பாரிஸ் மருத்துவர் டோனே இரத்தத்தில் சிறு உருண்டைகளைக் கண்டார். உண்ட உணவின் கொழுப்பு இரத்தத்தில் கலந்து உருண்டையாகத் திரிகிறது என்பது அவர் முடிவு. 1865-இல் ஜெர்மனியின் மாக்ஸ் ஷுல்ட்ஸே நிறமற்ற சிறு துகள்கள் குவியலாகக் கிடப்பதை விவரித்தார். உடற்சூட்டிலேயே இரத்தத்தைப் பார்க்கும்பொருட்டுச் சூடாக்கப்பட்ட மேடையுள்ள உருப்பெருக்கியை அவர் பயன்படுத்தினார் என்பது குறிப்பிடத்தக்கது. சூழலை மாற்றாமல் பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் அப்போதே தலைகாட்டிற்று. 1878-இல் பிரான்சின் ஹாயெம் இவற்றைச் சிவப்பணுக்களின் குஞ்சுகள் என்று கருதினார். ஒருவர்க்குக் கொழுப்பு, ஒருவர்க்குக் குவியல், ஒருவர்க்குக் குஞ்சு.

இவ்வளவு பேரும் பிழைபட்டது ஏன்? அவர்கள் அனைவரும் பார்த்தது கண்ணாடிச் சில்லில் இட்ட இரத்தத்தை. தட்டணு கண்ணாடியைத் தொட்டதும் தன் வட்டத்தை இழந்துவிடும், உருண்டையாகும், உடலிலிருந்து முட்களை நீட்டும், பின் தோசைமாவு கல்லில் பரவுவதுபோலப் பரவும், அக்கம்பக்கத்தாரோடு ஒட்டிக் குவியலாகும். நாளத்தின் உள்ளே அது மெல்லிய, வழுவழுப்பான வில்லை. பார்ப்பவன் பார்க்கத் தொடங்குமுன்பே, பார்க்கப்படும் பொருள் வேறொன்றாகிவிடுகிறது. தன் மஃதினில் அது எப்படி இருந்தது என்பதை அறிய எவருக்கும் வழியில்லை.

இவ்வேறுபாட்டை முதலில் கண்ணெதிரே கண்டவர் வில்லியம் ஆஸ்லர் என்னும் கனடா நாட்டு இளைஞர். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற மருத்துவ ஆசானாக விளங்கியவர். 1874-இல் இலண்டனில் பயின்றுகொண்டிருந்தார், வயது இருபத்தைந்துகூட நிறையவில்லை. எலியின் திசுவில் ஒரு சிறு நாளத்தை அப்படியே உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். நாளத்துக்குள் அத்துகள்கள் தனித்தனியே கிடந்தன. அதே இரத்தத்தின் துளியை வெளியே எடுத்தால் குவியல். கண்டதை நேர்மையாக எழுதினார். ஆனால் அவற்றுக்கு என்ன பெயரிடுவது என்று தெரியாமல், இரத்த நீரில் காணப்படும் ஒருவகை உயிரிகள் என்று தலைப்பிட்டார்.

முடிச்சை அவிழ்த்தவர் இத்தாலியின் தூரின் நகரப் பேராசிரியர் ஜூலியோ பிட்ஸோஸெரோ. 1846-இல் பிறந்தவர். 1881, 1882 ஆண்டுகளில் அவர் எழுதிய கட்டுரைகளே தட்டணு ஆராய்ச்சிக்கு அடிப்படை. இரத்தத்தை வெளியே எடுத்துவந்து பார்ப்பதை விட்டு, உருப்பெருக்கியை உயிருள்ள விலங்கின் நாளத்துக்குக் கொண்டுபோனார் அவர். குடலைத் தாங்கும் சவ்வு மிக மெல்லியது, ஒளி ஊடுருவும். சிறு விலங்குகளின் அச்சவ்வை வெளியே விரித்து வைத்து, அதன் நாளங்களில் இரத்தம் ஓடுவதை ஓடும்போதே பார்த்தார். சிவப்பணுவும் அல்லாத, வெள்ளையணுவும் அல்லாத மூன்றாவது ஒன்று, தட்டையான வில்லைகளாகத் தனித்தனியே மிதந்து செல்வதைக் கண்டார். சிறு தட்டு என்னும் பொருளில் தம் மொழியில் அவர் இட்ட பெயரின் வழியே நம் தட்டணுவும் வருகிறது.

அத்தோடு நிற்கவில்லை. ஓடும் நாளத்தின் சுவரை ஓரிடத்தில் காயப்படுத்திவிட்டுக் காத்திருந்தார். அதுவரை அவ்வழியே அமைதியாகச் சென்றுகொண்டிருந்த வில்லைகள், காயம்பட்ட இடத்தை அடைந்ததும் நின்றன, ஒட்டின, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து வெண்ணிற அடைப்பாயின. காயமில்லாத சுவரில் அவை ஒட்டவில்லை. இரத்தத்தில் நூல் இழையை இட்டுப் பார்த்தபோதும் முதலில் அதைப் பற்றியவை அவைதாம். இரத்தம் நிற்பதன் முதற்படி இந்த ஒட்டுதல் என்பது அன்று தெளிவாயிற்று. இவ்வளவு பார்த்த கண்கள் பின்னாளில் நோயுற்று, உருப்பெருக்கியைப் பயன்படுத்த இயலாமற்போனது ஒரு துயரம். 1901-இல் அவர் மறைந்தார். தட்டணு எங்கே பிறக்கிறது என்னும் கேள்விக்கு, எலும்புமச்சையிலுள்ள பெரிய அணுக்களின் சிதறலே அது என்று 1906-இல் பாஸ்டன் நகர ரைட் விடை கண்டார். தட்டணு குறைந்து இரத்தம் கசியும் நோயாளிக்குப் பிறர் இரத்தம் ஏற்றினால் கசிவு நிற்கும் என்று 1910-இல் அதே நகரில் ட்யூக் காட்டினார்.

கண்ணாடியின் இயல்பை நம் கரிசல் சீமை ஆஸ்பத்திரிகள் இன்றும் பயன்படுத்துகின்றன. காட்டு வேலைக்குப் போனவர் விரியன் கடித்து வந்தால், மருத்துவர் கொஞ்சம் இரத்தத்தை எடுத்துச் சுத்தமான, உலர்ந்த புதிய கண்ணாடிக் குழாயில் இட்டு 20 நிமிடம் அசையாமல் வைப்பார். பிறகு சாய்த்துப் பார்ப்பார். உறையாமல் நீராக ஓடினால் நஞ்சு இரத்தத்தில் ஏறிவிட்டது என்று பொருள். விஷமுறிவு மருந்து ஏற்றத் தொடங்குவர். பிளாஸ்டிக் குழாயில் இச்சோதனை செல்லாது. உறைதலுக்குரிய புரதங்கள் கண்ணாடியைத் தொட்டே விழித்துக்கொள்கின்றன. பிளாஸ்டிக் அவற்றை அவ்வாறு எழுப்புவதில்லை. களிமண்ணுக்கும் அக்குணம் உண்டு. கயோலின் என்னும் வெண்களிமண் ஏற்றிய துணியை அமெரிக்கப் படையினர் போர்க்காயங்களில் வைத்துக் கட்டுகின்றனர். நம் கரிசலில் மிகுந்துள்ள ஸ்மெக்டைட் இனக் களிமண்ணாற் செய்த தூள் ஒன்றையும் எடுத்துப் பார்த்தனர். அது நாளங்களுக்குள் புகுந்து கட்டி உண்டாக்குவது தெரியவே கைவிட்டனர். அதனால் எவரும் காட்டுமண்ணை அள்ளிக் காயத்தில் வைத்துவிட வேண்டா. இரத்தம் நிற்கலாம், மண்ணிலுள்ள கிருமியால் ரணஜன்னி வந்தால் உயிர் நிற்பது அரிது.

இனித் தாய்மாமனின் வினாவுக்கு வருவோம்.

தட்டணு வட்டமாக இருப்பது எதனால்? சல்லடைக்கு வட்டம் தருவது அதன் வளையம். தட்டணுவின் ஓரத்திலும் உட்புறமாக நுண்ணிய குழல்களாலான வளையம் ஒன்று சுற்றிக் கிடக்கிறது. எலெக்ட்ரான் உருப்பெருக்கி வந்த பின்னரே இது கண்ணுக்குப் புலனாயிற்று. குளிரில் தட்டணு உருமாறுகிறது என்பதை 1954-இலேயே மார்ஜரி ஸக்கர் என்னும் அம்மையாரும் அவருடன் உழைத்தவரும் எழுதினர். 1967-இல் அமெரிக்காவின் ஒயிட், கிரிவிட் இருவரும் காரணத்தைக் காட்டினர். குளிர் பட்டதும் அவ்வளையம் கலைந்துவிடுகிறது. வளையம் கலைந்த தட்டணு உருண்டையாகி, நாற்புறமும் முட்களை நீட்டுகிறது. நெருஞ்சிக் காயை நினைத்துக்கொண்டால் போதும். சிறிது நேரக் குளிராயின் மீண்டும் சூடேற்றும்போது பெரும்பாலும் வட்டம் திரும்பிவிடும். நெடுநேரம் குளிரில் கிடந்தது பழைய நிலைக்கு முழுவதும் திரும்புவதில்லை.

உரு மாறினால் என்ன, உயிரோடிருந்தால் போதாதா என்று கேட்கலாம். 1969-இல் மர்ஃபி, கார்ட்னர் என்னும் இருவர் அதையே சோதித்தனர். 4 பாகைக் குளிரில் வைத்த தட்டணுக்களையும், 22 பாகையில் வைத்தவற்றையும் மனிதருக்கு ஏற்றி, எவை எத்தனை நாள் இரத்தத்தில் தங்குகின்றன என்று பார்த்தனர். இயல்பாக ஏழு முதல் பத்து நாள் வாழவேண்டிய தட்டணு, குளிரில் இருந்துவந்தால் விரைவில் மறைந்துவிட்டது. 22 பாகையில் இருந்தது தங்கியது. அதுவரை சிவப்பணுவைப் போலவே தட்டணுவையும் குளிர்ப்பெட்டியில் வைத்துவந்த வழக்கம் அதன்பின் மாறிற்று. மறைவது எங்கே என்பதற்கு 2003-இல் பாஸ்டனில் விடை கிடைத்தது: குளிர் பட்ட தட்டணுவின் மேற்பரப்பில் சில புரதங்கள் நெருங்கிக் கூட்டமாகிவிடுகின்றன, கல்லீரலின் காவல் அணுக்கள் அதனை அந்நியம் என்று கண்டு விழுங்கிவிடுகின்றன.

ஆனால் முழு உண்மை இன்னும் நுட்பமானது. முள் நீட்டிய தட்டணு கெட்டுப்போனதன்று, அவசரப்பட்டது. ஒட்டுவதற்கு அது மிக விரைகிறது. ஆதலின் இரத்தம் பெருகிக்கொண்டிருக்கும் காயக்காரர்க்கு, வேறு வகை கிடைக்காத நிலையில், குளிரில் வைத்த தட்டணுவையே ஏற்றலாம் என்று அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2023-இல் வழிவிட்டது. அவர்க்கு வேண்டுவது அந்த நாழிகையில் அடைப்பது. பல நாள் தங்கியிருப்பதன்று. டெங்குப் பையனின் நிலை வேறு.

ஆகவே இரத்த வங்கிகளில் தட்டணுப் பைகள் 20 முதல் 24 பாகைக்குள், ஓயாது மெல்ல ஆடும் தட்டுகளின்மேல் ஐந்து நாள்வரை வைக்கப்படுகின்றன. ஆட்டாமல் கிடந்தால் பைக்குள் புளிப்பு ஏறி, அதனாலும் தட்டணு உருண்டையாகிவிடும். பையின் பிளாஸ்டிக்குங்கூடக் காற்றை உள்ளே விடும் வகையினதாக இருக்க வேண்டும். மேல்நாட்டு நூல்களில் இந்த வெப்பநிலையை அறைவெப்பம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்களுடைய அறை வேறு, நம்முடைய அறை வேறு. சித்திரையில் கோவில்பட்டி வீட்டு அறையொன்றில் அந்தப் பையை வைத்தால் 35 பாகைக்கு மேலாகும். குளிர்ப்பெட்டியும் ஆகாது, கரிசலின் வெயிலும் ஆகாது. பனிக்கட்டி இல்லாத, வெப்பம் புகாத பெட்டியில் வைத்து, வழியில் எங்கும் தங்காமல் கொண்டுவந்து சேர்ப்பதே முறை.

தட்டணு நல்ல வட்டத்தில் இருக்கிறதா என்று அறிய எளிய சோதனையொன்று உண்டு. பையை விளக்கொளிக்கு எதிரே பிடித்து மெல்லச் சாய்த்தால், வெளிர்மஞ்சள் நீருக்குள் பட்டுத்துணியின் மடிப்பில் ஒளி ஓடுவதுபோல அலையலையாக மினுக்கம் ஓடும். தட்டையான வில்லைகள் ஓட்டத்தின் திசையில் ஒருசேரத் திரும்புவதால் உண்டாவது அது. உருண்டைக்கு எத்திசையும் ஒன்றே. ஆதலின் மினுக்கம் இராது, மங்கிக் கிடக்கும்.

வெப்பமும் கண்ணாடியும் மட்டுமல்ல, ஓட்டமும் தட்டணுவுக்குச் சூழலே. நாளத்தில் சிவப்பணுக்கள் நடுவே திரண்டு செல்லும். சிறிய தட்டணுக்கள் ஓரத்துக்குத் தள்ளப்படும். ஓடையில் வெள்ளம் வரும்போது சண்டும் சருகும் கரையோரம் ஒதுங்குவதைப் போல. காயம் உண்டாவது சுவரில், காவலரும் சுவரோரமே. நல்ல நிலையிலுள்ள சுவர், ஒட்டாதே என்று தட்டணுவுக்குச் சொல்லும் பொருளொன்றைச் சுரந்துகொண்டிருக்கிறது. 1976-இல் இதனைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான ஜான் வேன் 1982-இல் நோபல் பரிசு பெற்றார்.

கொழுப்புப் படிந்து நாளம் குறுகிய இடத்தில் இரத்தம் பாய்ந்து செல்லும். வேகமாக ஓடினால் ஒட்டமுடியாது என்றுதான் நாம் நினைப்போம். நடப்பது எதிர்மாறு. ஃபின்லாந்தின் மருத்துவர் வில்லபிராண்ட், ஆலந்துத் தீவுகளின் குடும்பமொன்றில் பரம்பரையாக வந்த இரத்தக்கசிவு நோயை 1926-இல் விவரித்தார். அவர் பெயராலேயே வழங்கும் புரதம் ஒன்று இரத்தத்தில் நூற்பந்துபோலச் சுருண்டு திரிகிறது. பாய்ச்சல் கடுமையாகும்போது அந்தப் பந்து இழுபட்டு நூலாக நீள்கிறது. நீண்ட நூலில் தட்டணுக்கள் தொற்றிக்கொள்கின்றன. 2007-இல் இதனைக் கண்ணாற் கண்டு எழுதினர். மாரடைப்பில், குறுகிய நாளத்தில் அடைப்பு அவ்வளவு விரைவில் உருவாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தன் காலடியிலுள்ளது மெத்தையா கல்லா என்பதைக்கூடத் தட்டணு உணர்கிறது. 2014-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மென்மையும் கடினமுமான பல கூழ்ப்பரப்புகளில் தட்டணுக்களை விட்டுப் பார்த்தனர்; கடினமான பரப்பில் அவை மிகுதியாக ஒட்டின, மிகுதியாகப் பரவின. ஒட்டிய பின் இழுக்கின்றன. அந்த இழுப்பால்தான் உறைந்த கட்டி சுருங்கி இறுகுகிறது. ஒரு தட்டணுவின் இழுவிசையை 2011-இல் அளந்தபோது சராசரி 29 நானோ நியூட்டன் வந்தது. கேட்கச் சிறியது, கணக்கிட்டால் தன் எடையைப் போல மூன்று இலட்சம் மடங்குக்கும் மேல்.

இவற்றையெல்லாம் படித்த பிறகு அந்தச் சீட்டிலிருந்த எண்களை வேறு கண்ணோடு பார்க்கிறோம். 2012-இல் தமிழகத்தில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை டெங்கு பற்றியது. அன்றைய திருநெல்வேலி மாவட்டமே மிகவும் அடிபட்டது. நம் மக்கள் நிறைந்த கடையநல்லூரில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். பத்து நாளுக்கொரு முறை குடிநீர் வந்த ஊர்களில் குடத்திலும் டிரம்மிலும் தொட்டியிலும் நீரைச் சேர்த்து வைக்காமல் என்ன செய்வது? அந்தத் தெளிந்த நீரில்தான் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. மூடிவைப்பதும், வாரம் ஒருமுறை பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுவதும் செய்யாத வரையில், வறண்ட பூமியின் தாகமே அந்தக் கொசுவுக்கு வாழ்விடம்.

டெங்குவில் உயிர் போவது பெரும்பாலும் தட்டணு குறைந்ததனால் மட்டும் அன்று. நாளங்களின் சுவர் இளகி, இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிவதே பேராபத்து. காய்ச்சல் தணியும் நாளில், பையன் தேறிவிட்டான் என்று வீட்டார் மகிழும் அதே வேளையில், அது தொடங்கக்கூடும். ஓயாத வயிற்றுவலி, வாந்தி, கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் இவையே பார்க்க வேண்டியவை. அளவறிந்து நீர் ஏற்றுவதே மருத்துவத்தின் சாரம். இரத்தக் கசிவில்லாத பெரியவர்களுக்கு 20,000-க்குக் கீழே இறங்கியதும் தட்டணு ஏற்றினால் நன்மை உண்டா என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 372 பேரிடம் சோதித்த முடிவு 2017-இல் வெளிவந்தது. ஏற்றியதனால் கசிவு தடுக்கப்படவில்லை. ஒவ்வாமை முதலிய தொல்லைகளே மிகுந்தன. நம் நாட்டு வழிகாட்டுதலும், கசிவு இல்லாதபோது 10,000-க்குக் கீழே இறங்கினாலன்றி ஏற்றுவதைப் பற்றிப் பேசுவதில்லை. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் விழுங்குவதோ உண்மையான கேடு. ஒருமுறை அது பட்ட தட்டணு தன் ஆயுள் முழுவதும் ஒட்டும் திறனில் குறைந்தே திரியும். எண்ணிக்கைச் சீட்டு அதைக் காட்டாது.

சீட்டே பொய் சொல்வதும் உண்டு. இரத்தம் உறையாதிருக்கக் குழாயில் இடும் மருந்து சிலருடைய தட்டணுக்களை மட்டும் ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. எண்ணும் இயந்திரம் குவியலைத் தட்டணுவென்று கண்டுகொள்வதில்லை. எண் தாழ்ந்து காட்டுகிறது. உடலுக்குள் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். இதில் ஐயமெழுந்தால், வேறு மருந்திட்ட குழாயில் மீண்டும் இரத்தம் எடுப்பர். அல்லது ஒரு துளியைச் சில்லில் தேய்த்து உருப்பெருக்கியில் பார்ப்பர். 1865-இல் ஷுல்ட்ஸே கண்ட அதே குவியல் இன்றைய ஆய்வுக்கூடத்துப் பையன் கண்ணிலும் படும்.

நம்முடைய மாணவனுக்குக் கடைசிவரை இரத்தக் கசிவு ஏற்படவில்லை. நகரத்துக்கு இரண்டாம் முறை ஆள் அனுப்பும் தேவையும் எழவில்லை. நீர் மட்டும் ஏற்றிக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். நான்காம் நாள் 24,000, ஐந்தாம் நாள் 41,000, ஆறாம் நாள் 83,000 என்று எண் தானே ஏறிற்று. அடுத்த மாதம் பையன் வகுப்புக்கு வந்துவிட்டான். இப்போது எவர் வீட்டிலிருந்து தட்டணு வாங்கப் புறப்பட்டாலும், பேருந்து நிலையம்வரை கூடவே சென்று, "பெட்டியில ஐஸ் மட்டும் வச்சிடாதீங்க" என்று சொல்லி அனுப்புபவர் அந்தத் தாய்மாமன்தான்.